இசிஜி மெஷின் அச்சடித்துத் தரும் வரியை எவ்வளவு நம்பலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 63, ஓய்வு பெற்ற ஆசிரியர். எட்டு வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவும் கிடையாது. ஊரில் நடந்த இலவச முகாமில் இசிஜி எடுத்தபோது மெஷின் ‘செப்டல் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிடர்மின்ட், அப்நார்மல் இசிஜி’ என்று அச்சடித்திருக்கிறது. அதோடு இணைத்திருந்த ஒரு செயலி ‘ஹை ரிஸ்க்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டியிருக்கிறது. பத்து நாள் கழித்து மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் மறுபடி எடுத்தால் ‘நார்மல் இசிஜி’ என்று வருகிறது. இரண்டில் எதை நம்புவது? வரப்போகும் ஆபத்தை இந்த மெஷின்களால் உண்மையிலேயே முன்கூட்டிச் சொல்ல முடியுமா? அப்பா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

நான் இந்த மாவட்டத்தில் நீண்ட காலமாகப் பொது மருத்துவம் பார்க்கிறவன். இதே கேள்வியோடு, இதே மாதிரி மடித்த தாளோடு நிறையப் பேர் வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். மெஷின் எழுதும் அந்த வரி அந்தத் தாளில் உள்ள பத்து விநாடித் துடிப்பைப் பற்றியது. உங்கள் அப்பாவைப் பற்றியது அல்ல. அளவெடுப்பதில் மெஷின் கெட்டி. ஆனால் அந்த அளவை வைத்து நோயின் பெயர் சொல்லும்போது தடுமாறுகிறது. ‘இவருக்கு ஆபத்து அதிகம், இவருக்குக் குறைவு’ என்று தனி ஒரு மனிதருக்குத் தீர்ப்புச் சொல்லும்போது இன்னும் அதிகம் தடுமாறுகிறது. புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இந்த இடத்தில் உண்மையிலேயே முன்னேறியிருக்கின்றன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவை சொல்லும் ‘ஹை’ என்பதற்கு முகாமில் ஒரு பொருள், ஐசியு வாசலில் வேறொரு பொருள். அது ஏன் என்று கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

மெஷின் செய்வது என்ன? கை கால்களில் நான்கு, நெஞ்சில் ஆறு என்று பத்து இடங்களில் கிளிப்பும் குமிழும் வைத்து, பன்னிரண்டு கோணங்களில் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறது. தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள்ளே இருக்கும் நிரல் ஒவ்வொரு அலையின் உயரம், அகலம், இடைவெளியை அளந்து, முன்பே எழுதி வைத்த விதிகளோடு ஒப்பிடுகிறது. நெஞ்சின் முதல் இரண்டு இடங்களான வி1, வி2-வில், மேல்நோக்கி எழும் ஆர் அலை இல்லையா, ‘செப்டல் இன்ஃபார்க்ட்’ என்று எழுது. வி1-ல் கீழ்நோக்கி இறங்கும் எஸ் அலையையும் வி5-ன் ஆர் அலையையும் கூட்டினால் 35 மில்லிமீட்டரைத் தொடுகிறதா, ‘இதயச் சுவர் தடித்திருக்கிறது’ என்று எழுது. இந்த 35 மில்லிமீட்டர் விதி 1949-ல் வந்தது, இன்றும் பல மெஷின்களில் இருக்கிறது. கணினியை வைத்து இசிஜி படிக்கும் வேலை அமெரிக்காவில் 1950-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. ஆக நாம் பேசுவது புதுத் தொழில்நுட்பத்தைப் பற்றியே அல்ல, அறுபது வருடத்துக்கு மேல் பழகிய ஒன்று.

இதயத் துடிப்பு எத்தனை, பிஆர் இடைவெளி எத்தனை மில்லிவிநாடி, க்யூஆர்எஸ் அகலம் எவ்வளவு என்பதிலெல்லாம் தாள் சுத்தமாக இருந்தால் மெஷினை நம்பலாம். எந்த அறிகுறியும் இல்லாத ஒருவருக்கு ‘நார்மல்’ என்று வந்தால், அந்த நேரத்து மின்னோட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால்தான் சிக்கல்.

1991-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு பெரிய ஒப்பீடு வந்தது. நோய் என்னவென்று வேறு பரிசோதனைகள் மூலம் உறுதியான 1,220 பேரின் இசிஜிகளை ஒன்பது கணினி நிரல்களிடமும் எட்டு இதய நிபுணர்களிடமும் கொடுத்தார்கள். மொத்தத் துல்லியத்தில் நிரல்களின் நடுமதிப்பு 69.7 சதவீதம், நிபுணர்களுடையது 76.3 சதவீதம். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, நல்ல நிரல்கள் நல்ல நிபுணர்களுக்கு ஏறக்குறையச் சமமாக வந்தன. இரண்டு, நிபுணர்களே தாளை மட்டும் பார்த்துச் சொன்னபோது நான்கில் ஒன்று தவறியிருக்கிறது. எனக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம். நோயாளியைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்தால் மனிதனும் தவறுவான். மெஷின் எப்போதுமே தாளை மட்டும்தான் பார்க்கிறது.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வந்த அந்த வரிக்கு வருகிறேன். ‘செப்டல் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிடர்மின்ட்’ என்றால், இதயத்தின் நடுச்சுவரில் எப்போதோ ஒரு அடைப்பு வந்து தழும்பாகியிருக்கலாம், எப்போது என்று தெரியவில்லை என்று பொருள். படிக்கும்போதே வயிறு கலங்கும். ஆனால் வெளிநோயாளிகளிடம் இந்த வரி வருவதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. நெஞ்சில் வி1, வி2 என்ற முதல் இரண்டு குமிழ்களையும் மேலே தள்ளி வைத்துவிடுவதுதான் அது.

சரியான இடம் நான்காவது விலா இடைவெளி. கழுத்துக் குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டை ஒட்டி இரண்டாவது விலா எலும்பு, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து இன்னும் இரண்டு இடைவெளி இறங்கி, மார்பெலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2 வைக்க வேண்டும். சட்டையைக் கழற்றி, விரல் வைத்து எண்ணி வைக்க அரை நிமிடம் ஆகும். முகாமில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது யார் எண்ணுவார்கள்? மேல் பட்டனை மட்டும் அவிழ்த்து, கண்ணளவில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு இடைவெளி மேலே போனால் அங்கே இருக்க வேண்டிய சின்ன ஆர் அலை காணாமல் போகும். மெஷினின் விதிப்படி ஆர் அலை இல்லையென்றால் தழும்பு. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, குமிழ் இருந்த இடம்தான் தப்பு.

மேலே வைத்திருக்கிறார்களா என்று தாளைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வி2-வில் பி அலை, அதாவது பெரிய கூர்முனைக்கு முன்னால் வரும் சின்ன மேடு, மேல்நோக்கி இருக்க வேண்டும். அது கவிழ்ந்திருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது குமிழ் வைத்த இடத்தைத்தான். உங்கள் அப்பாவின் முகாம் இசிஜியை மருத்துவரிடம் கொடுத்து, இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதே மாதிரி இன்னும் சில உண்டு. இடது கை, வலது கை கிளிப்பை மாற்றிப் போட்டால் முதல் கோணத்தில் எல்லா அலையும் தலைகீழாகும். பக்கச்சுவரில் பழைய அடைப்பு என்றுகூட மெஷின் எழுதக்கூடும். மெலிந்த உடம்புக்காரர்கள், உடல் உழைப்பில் ஊறியவர்கள் விஷயத்தில் நெஞ்சுச் சுவர் ஒல்லியாக இருப்பதால் அலைகள் உயரமாக வரும். குளச்சல், முட்டம் கரையோரத்தில் வலை இழுக்கும் இளைஞர்களுக்கும், அருமனை, கீரிப்பாறை பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் ‘இதயச் சுவர் தடிப்பு’ என்று வந்து, எக்கோவில் (இதய ஸ்கேனில்) பார்த்தால் சுவர் நன்றாக இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. பருமனான உடம்பில் சுவர் நிஜமாகவே தடித்திருந்தாலும் அலை சின்னதாக வந்து, மெஷின் ‘நார்மல்’ என்று விட்டுவிடும். இரத்தக் கொதிப்பு இருபது வருடமாக இருக்கிறவருக்கு அது நல்ல செய்தியே அல்ல.

க்யூடி இடைவெளி, அதாவது ஒரு துடிப்பில் கீழறைகளின் மின்னோட்டம் தொடங்கி அடங்கும் வரையிலான நேரம், நீண்டிருக்கிறது என்ற எச்சரிக்கையும் இதே வகைதான். இதயத் துடிப்பின் வேகத்துக்கு ஏற்ப அந்த இடைவெளியைத் திருத்திக் கணக்கிட 1920-ல் பாசெட் என்பவர் தந்த சூத்திரத்தைத்தான் பெரும்பாலான மெஷின்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. துடிப்பு வேகமாக இருந்தால் அந்தச் சூத்திரம் அதிகமாகத் திருத்திவிடும். காய்ச்சலோடு நாடி 110 ஓடுகிறவருக்கு ‘புரொலாங்டு க்யூடி’ என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். காய்ச்சல் இறங்கிய பிறகு எடுத்தால் பல நேரம் அந்த வரியே இருக்காது.

இதையெல்லாம் ‘சரி, பொய் எச்சரிக்கைதானே, போகட்டும்’ என்று விட முடியாது. 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கணினி ‘ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன்’ (மேலறைகளிலிருந்து வரும் ஒழுங்கற்ற துடிப்பு) என்று எழுதிய 2,298 இசிஜிகளை மறுபடி படித்துப் பார்த்தார்கள். அதில் 442 தவறு, அதாவது 19 சதவீதம். தவறாகப் படிக்கப்பட்ட 382 நோயாளிகளில் 92 பேருக்கு மருத்துவரும் அதைத் திருத்தவில்லை. 39 பேருக்குத் தேவையே இல்லாமல் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ, துடிப்பைச் சீராக்கும் மாத்திரையோ போய்ச் சேர்ந்துவிட்டது. அச்சில் வந்த எழுத்துக்கு ஒரு வலு உண்டு. அவசரத்தில் இருக்கும் மருத்துவர் அந்த வரியை முதலில் படித்துவிட்டால், அப்புறம் அலையைப் பார்க்கும் கண்ணும் அதையே தேடும். அதனால் மேல் ஓரத்தில் அச்சாகும் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு அலையை முதலில் படிக்கும்படி இளம் மருத்துவர்களிடம் சொல்வேன். நானும் அப்படித்தான் படிக்கிறேன்.

பொய் எச்சரிக்கையை விட எனக்கு அதிகம் பயம் தருவது பொய் ஆறுதல். ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய கடல் தொழிலாளி ஒருவர், இரவு முழுக்கக் கடலில் இருந்துவிட்டுக் கரையேறி, மேல்வயிறு எரிகிறது, தாடை கடுக்கிறது என்று வந்தார். வாயுத் தொந்தரவு என்று நினைத்து வீட்டில் ஓமத்தண்ணீரும் சோடாவும் குடித்துப் பார்த்திருக்கிறார். முதல் இசிஜியில் மெஷின் ‘நார்மல்’ என்று எழுதியது. “மெஷினே நார்மல்னு போட்டிருக்கே சாரே, நான் போகட்டா?” என்று எழுந்துவிட்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, அறையிலோ மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. “இருங்க அண்ணே, இன்னொண்ணு எடுத்துட்டுப் போலாம்” என்று உட்கார வைத்தோம். இருபது நிமிடம் கழித்து எடுத்ததில் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் ஆகிய மூன்று கோணங்களிலும் கூர்முனைக்கு அடுத்து வரும் எஸ்டி பகுதி மேலே தூக்கியிருந்தது. அடிச்சுவரில் புது அடைப்பு. அந்த இருபது நிமிடத்தில் அவர் பஸ் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

இதில் மெஷினைக் குறை சொல்ல எதுவுமில்லை. மாரடைப்பு தொடங்கிய முதல் நிமிடங்களில் இசிஜி சுத்தமாக இருக்கலாம். இதயத்தின் பின்சுவருக்குப் போகும் குழாய் அடைத்தால் வழக்கமான பன்னிரண்டு கோணங்களில் அது நேரடியாகத் தெரியாமலும் போகலாம். அதற்கு முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 என்று தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் முதல் இசிஜி, சந்தேகம் தீராவிட்டால் பதினைந்து முப்பது நிமிட இடைவெளியில் மறுபடி மறுபடி இசிஜி, கூடவே இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனை என்று வழிமுறை வைத்திருக்கிறார்கள். வலி இருக்கும்போது ‘நார்மல்’ என்ற ஒற்றைத் தாளை நம்பி யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

இனி உங்கள் கேள்வியின் அடுத்த பாதி, முன்கூட்டிச் சொல்வது. எந்தத் தொந்தரவும் இல்லாத, ஆபத்து குறைந்த பெரியவர்களுக்கு வருங்கால மாரடைப்பைக் கண்டுபிடிக்க இசிஜி எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012-லும் 2018-லும் சொல்லியிருக்கிறது. வயது, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகை இவற்றை வைத்துச் சொல்லும் கணிப்போடு இசிஜி புதிதாகச் சேர்ப்பது குறைவு. தேவையில்லாத ஆஞ்சியோகிராம் வரை கொண்டுபோய் விடும் தீங்குதான் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊர் ‘மாஸ்டர் செக்கப்’ பட்டியலில் இசிஜி முதலில் நிற்பதைப் பார்க்கும்போது இது எனக்கு ஞாபகம் வரும்.

ஆனால் இந்த முடிவு பழைய விதிமுறை மெஷின்களை மனதில் வைத்துச் சொன்னது. அதற்குப் பிறகு வந்தவை வேறு வகை. அவற்றுக்கு யாரும் விதி எழுதிக் கொடுப்பதில்லை. லட்சக்கணக்கான இசிஜிகளையும், அந்த நோயாளிகளுக்குப் பின்னால் என்ன ஆனது என்பதையும் கொடுத்துவிட்டால், மனிதக் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை அதுவே கற்றுக்கொள்கிறது. 2019-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு, இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 35 சதவீதமோ அதற்குக் கீழோ போனவர்களை இசிஜியை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டியது. சுமார் 53,000 பேரிடம் சோதித்தபோது, நோய் உள்ளவர்களில் 86 சதவீதம் பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 86 சதவீதம் பேரை இல்லை என்று சரியாக விட்டது. பென்சில்வேனியாவின் கைசிங்கர் மருத்துவக் குழு 2020-ல் ஒரு வருடத்துக்குள் யார் இறப்பார்கள் என்று கணிக்கப் பார்த்தது. அவர்கள் நிரலுக்குக் கிடைத்த மதிப்பெண் 0.88. மருத்துவர்கள் ‘நார்மல்’ என்று படித்த இசிஜிகளை மட்டும் எடுத்தாலும் 0.85 வந்தது. இதைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. நாம் ஒன்றுமில்லை என்று மடித்து வைத்த தாளிலும் ஏதோ இருந்திருக்கிறது.

ஆனால் அந்த 0.88-ஐ ‘88 சதவீதம் சரி’ என்று படித்துவிடக் கூடாது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர் ஒருவர், இறக்காதவர் ஒருவர் என்று ஜோடி ஜோடியாக எடுத்தால், நூறில் 88 ஜோடிகளில் இறந்தவருக்கு நிரல் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். வரிசைப்படுத்தத் தெரிகிறது, அவ்வளவுதான். வரிசையில் மேலே நிற்கிறவருக்கு ஆபத்து நூறில் அறுபதா, நூறில் இரண்டா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குத்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு முகாமுக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள், அவர்களில் 2 சதவீதம் பேருக்கு இதயத்தின் தள்ளும் திறன் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது இருபது பேர். 86 சதவீதம் பிடிக்கும் நிரல் அதில் 17 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேருக்கு நோய் இல்லை, ஆனால் அதில் 14 சதவீதம் பேரை, அதாவது 137 பேரை, தவறாகச் சந்தேகப்படும். ஆக ‘ஹை ரிஸ்க்’ என்று சிவப்பில் வருவது 154 பேருக்கு, அதில் நிஜமாக நோய் உள்ளவர்கள் 17 பேர், நூற்றுக்குப் பதினொன்று. மற்ற 137 பேரும் உங்கள் அப்பா மாதிரி தூக்கம் தொலைத்துவிட்டு எக்கோ எடுக்க அலைவார்கள். இதே நிரலை, கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் வைத்துப் பாருங்கள். அங்கே ஆயிரத்தில் இருநூறு பேருக்கு நோய் இருந்தால், 172 பேரைப் பிடிக்கும், 112 பேரைத் தவறாகச் சந்தேகப்படும். இப்போது சிவப்பு எழுத்து வந்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு நிஜமாகவே நோய். நிரல் மாறவில்லை, துல்லியம் மாறவில்லை, யாரிடம் வைக்கிறோம் என்பது மட்டும் மாறியது. முகாமில் செயலி காட்டிய ‘ஹை’ எந்த நோயைப் பற்றியது, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு அது உண்மையானது என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லையென்றால், அதை வைத்துப் பயப்படவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது.

இன்னொன்று, கற்ற ஊரும் வைக்கும் ஊரும் வேறாக இருந்தால் எண் நழுவும். வானிலை மையம் ‘மழைக்கு 30 சதவீதம் வாய்ப்பு’ என்று சொன்ன நூறு நாட்களில் முப்பது நாள் பெய்தால் அந்தக் கணிப்பை நம்பி வள்ளம் இறக்கலாம். எண்பது நாள் பெய்தால், வரிசை சரியாக இருந்தும் எண் உதவாது. மேயோ கிளினிக் இருக்கும் மினசோட்டாவிலோ பென்சில்வேனியாவிலோ பெரிய மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்துப் பழகிய நிரல், சர்க்கரை இளம் வயதிலேயே வந்துவிடும் நம் மக்களிடம், வியர்வையும் கடல் ஈரமுமாகக் குமிழ் சரியாக ஒட்டாத தாளில், அதே எண்ணைச் சரியாகச் சொல்லுமா என்று இங்கேயே சோதித்துப் பார்த்தாக வேண்டும். விற்கிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்று முகாம் நடத்தும் நண்பர்களிடம் சொல்லி வருகிறேன்.

இதற்காகச் செயற்கை நுண்ணறிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தைவானில் நடந்து 2024-ல் வெளியான ஒரு சோதனையில், மருத்துவமனைக்கு வந்த 15,965 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில், இசிஜியை நிரல் படித்து ஆபத்து அதிகம் என்று கண்டால் சிகிச்சை பார்க்கும் மருத்துவருக்கு உடனே செய்தி போகும். மறுபாதியில் வழக்கம்போல. 90 நாட்களில் இறந்தவர்கள் முதல் பாதியில் 3.6 சதவீதம், இரண்டாவதில் 4.3 சதவீதம். மெஷின் கணிப்பதோடு நிற்காமல், அந்தக் கணிப்பால் உயிர் மிஞ்சுகிறதா என்று அளந்து பார்த்ததால் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அங்கே எச்சரிக்கை வந்த கட்டிலின் அருகே மருத்துவர் இருந்தார், செவிலியர் இருந்தார், தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தது. நம் முகாமில் எச்சரிக்கை வந்தவர் கையில் இருந்தது ஒரு தாள் மட்டும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. மாரடைப்பு நோயாளிகளுக்காகச் சின்ன மருத்துவமனைகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் கொத்துக் கொத்தாக இணைத்து, இசிஜியை அங்கிருந்து இங்கே அனுப்பி, ஆம்புலன்ஸோடு சேர்த்து ஒரு முறையை நடத்திப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகளை வைத்து 2017-ல் வந்த முடிவில், ஒரு வருட இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. அங்கே இசிஜி பார்ப்பதோடு வேலை முடியவில்லை, வண்டி, மருந்து, வாசலில் காத்திருக்கும் குழு எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பலன் வந்தது. பேச்சிப்பாறை, கோதையாறு மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு எனக்குத் தெரிந்த வரையில் இதுதான் பெரிய வித்தியாசம்.

கைக்கடிகாரத்தைப் பற்றியும் கேட்பார்கள். வளைகுடாவிலிருந்து வரும் மகன் ஆசையாக வாங்கி வந்து அப்பா கையில் கட்டிவிடும் ஆப்பிள் வாட்ச் ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிப்பதில் உதவும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். துடிப்பைத் தொடர்ந்து பதியும் இசிஜி பட்டையை நெஞ்சில் ஒட்டியிருந்தவர்களுக்கு எச்சரிக்கை வந்த நேரத்தில் ஒப்பிட்டபோது 84 சதவீதம் சரியாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரே ஒரு கோணம்தான். மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

உங்கள் அப்பாவுக்கு என்ன செய்யலாம்? இரண்டு இசிஜி தாளையும் அருகருகே வைத்து ஒரு மருத்துவர் பார்க்கட்டும். முடிந்தால் குமிழ்களை எண்ணி வைத்து மூன்றாவது ஒன்று எடுக்கட்டும். பிறகு ஒரு எக்கோ. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வந்து போவது உண்டு, அதனால் முகாம் தாளை ‘அது பொய்’ என்று கிழித்துப் போடச் சொல்ல மாட்டேன். எக்கோவில் நடுச்சுவர் நன்றாக அசைந்தால் அந்த வரியை மறந்துவிடலாம். எடுத்த எடுப்பில் ஆஞ்சியோகிராமுக்கு ஓட வேண்டாம்.

ஆனால் இது முக்கியம்: இரண்டு மெஷினும் ‘நார்மல்’ என்று சொல்லியிருந்தாலும் அப்பாவுக்கு ஆபத்து கொஞ்சம் அதிகம்தான். 63 வயது, எட்டு வருடச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்த அழுத்தம், எல்டிஎல் கொழுப்பு, சிறுநீரில் ஆல்புமின் இந்த நான்கும் அந்தச் சிவப்பு எழுத்தை விட அவரைப் பற்றி அதிகம் சொல்லும். நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்குக் கொழுப்பு அளவு அவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. அவர் எடுக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். புகைப் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துவதற்கு ஈடாக எந்த மெஷினும் எதுவும் செய்துவிட முடியாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன, விட்டுப்போகாமல் எடுப்பதற்கு அதுவும் ஒரு வழி.

நெஞ்சில் பாரம், தாடை அல்லது இடது கை கடுப்பு, காரணமில்லாத வியர்வை, மேல்வயிற்றில் அழுத்தம் என்று எப்போது வந்தாலும் பழைய இசிஜி நார்மல் என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஓமத்தண்ணீர் குடித்து அரை மணி நேரம் பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றால் அங்கே போங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே வைத்திருக்கிறார்கள். போகும்போது பழைய இசிஜியை எடுத்துக்கொண்டு போங்கள். புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி.

அந்தப் பழைய தாள் அப்போது படிக்கும்படி இருக்க வேண்டுமே. பெரும்பாலான இசிஜி தாள்கள் சூட்டில் எழுத்து விழும் வகை, நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் ஓரிரு வருடத்தில் மங்கிவிடும். பிளாஸ்டிக் கவரில் ஒட்டிக் கிடந்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துத் தேதி எழுதி வையுங்கள், ஃபோனில் ஒரு படமும் எடுத்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் செய்ய வேண்டாம், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப் போகும்.